வெள்ளிக்கிழமை அளவு

அந்தச் சத்தத்தைச் சாராள் முதலில் கேட்டது பிப்ரவரியில், தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில். தம்பி ஜாய்சன் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். நெஞ்சில் பசையைத் தடவிக் கருவியை அழுத்திய பெண் ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினாள். அறை முழுக்க ஈரத்தோல் புரளுகிற சத்தம் எழுந்தது. ஷ்ஷப்... தொப். ஷ்ஷப்... தொப்.

சாராளுக்கு அது பழகிய சத்தம்தான். பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். ஊறிய தோல்களைப் போட்டுச் சுற்றும் மர டிரம்கள் பகல் முழுக்க அப்படித்தான் சத்தம் போடும். தோல் மேலே ஏறி, வழுக்கி, தண்ணீரில் விழும். அதே சத்தம் தம்பியின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

"ரத்தம் பின்னாடி கசியிற சத்தம்மா அது. வால்வு சரியா மூடலை" என்றாள் அந்தப் பெண்.

அன்றைய ரிப்போர்ட்டில் கசிவு 'சிவியர்' என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்ரீவத்சன், இன்னொரு ஸ்கேனிலும் அப்படியே வந்தால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். மே மாதம் எடுத்தார்கள். 'மாடரேட்' என்று வந்தது. ஜூலையில் மூச்சிரைப்பு அதிகமாகி எடுத்தபோது மறுபடி சிவியர். செப்டம்பரில் மறுபடி மாடரேட். ஒவ்வொரு மாடரேட்டுக்கும் ஆபரேஷன் தள்ளிப்போனது.

"மெஷினுக்கு மெஷின் கொஞ்சம் மாறும், பாக்கற கைக்குக் கை மாறும்" என்றார் டாக்டர். "ஆனா இவ்வளவு மாறக்கூடாது. நவம்பர்ல ஒண்ணு எடுப்போம். ரொம்ப நாள் விட்டா இதயம் பெருத்துடும். அப்புறம் வால்வை மாத்தினாலும் பழைய பலம் வராது."

ஜாய்சன் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவன். சாராள் எட்டாவதோடு நின்று கம்பெனிக்குப் போனதால்தான் அவன் எம்.எஸ்சி. வரை போனான். அதை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தாம்பரம் வருவதற்குள் 'என் தம்பி பிசிக்ஸ் வாத்தியாரு' என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்க முடியாது.

இரும்புலியூர் வீட்டில் அவள் கீழே, தம்பியும் அவன் மனைவி சுஜியும் மாடியில். மாடிப்படி பதினெட்டு. முன்பெல்லாம் அவன் ஒரே மூச்சில் ஏறுவான். பிப்ரவரியில் பதினோராவது படியில் செருப்புச் சத்தம் நிற்க ஆரம்பித்தது. கீழே காய் நறுக்கிக்கொண்டிருக்கும் சாராளின் கத்தியும் அதோடு நிற்கும். மறுபடி சத்தம் கிளம்பிய பிறகுதான் கத்தி நகரும்.

மே மாத ஸ்கேனுக்கு முந்தின வாரம் சாராள்தான் அதைச் சொன்னாள். "ஸ்கேன் வெள்ளிக்கிழமை. நம்ம சபையில உபவாச ஜெபமும் வெள்ளிக்கிழமை. நீயும் இரு. பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது."

"மாத்திரை?"

"மாத்திரைக்கு மட்டும் ஒரு மடக்கு. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு."

அந்த ஒரு மடக்கில் இறங்கியவற்றில் உடம்பின் நீரை வெளியேற்றும் மாத்திரையும் ஒன்று. வியாழன் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் எதையும் தொடவில்லை. வெள்ளி மத்தியானம் ஸ்கேன். மாடரேட்.

அடுத்த ஞாயிறு ஜாய்சன் சபையில் எழுந்து சாட்சி சொன்னான். "எங்க அக்காவோட ஜெபம்" என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. சாராள் எல்லோருக்கும் முன்னால் நின்று அழுதாள். செப்டம்பரிலும் உபவாசத்தோடு போய் மாடரேட் வந்தபோது அவன் மறுபடி எழுந்து சாட்சி சொன்னான்; பாஸ்டர் அதைப் பிரசங்கத்திலேயே சேர்த்தார்.

செப்டம்பர் முடிவதற்குள் செருப்புச் சத்தம் ஒன்பதாவது படியில் நின்றது.

தப்பாக எண்ணியிருப்போம் என்று மறுநாளும் எண்ணினாள். ஒன்பதுதான். அக்டோபரில் ஏழு. டிரம்மின் சத்தம் அவளை விடாமல் துரத்தியது. மாவு அரைக்கும்போது கேட்டது. ஷேர் ஆட்டோவின் என்ஜினுக்கு அடியில் கேட்டது. சபையில் எல்லோரும் கைதட்டிப் பாடும்போது, இரண்டு தட்டலுக்கு நடுவே கேட்டது.

அவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. ஜாய்சனின் பிரஷர், எடை, சாப்பிட்டது, குடித்தது, நின்ற படி, எல்லாம் தேதியும் கிழமையும் போட்டு அதில் இருக்கும். நவம்பர் ஸ்கேனுக்கு முந்தின நாள் நான்கு ஸ்கேன் தேதிகளையும் ஒரே தாளில் எடுத்து எழுதினாள். திங்கள், சிவியர். வெள்ளி, மாடரேட். செவ்வாய், சிவியர். வெள்ளி, மாடரேட். இரண்டு வெள்ளிக்கும் நேரே அவள் கையெழுத்திலேயே 'தண்ணீர் இல்லை. எடை ஒரு கிலோ குறைவு' என்று இருந்தது.

அந்தத் தாளைப் பாஸ்டர் பார்த்திருந்தால், கர்த்தர் வெள்ளிக்கிழமைகளில் இரங்குகிறார் என்று வாசித்திருப்பார். சாராளுக்கு ஞாபகம் வந்தது ஒரு மழைக்காலம். கம்பெனியில் தோலின் பரப்பை அளக்கும் மெஷின் அவள் பொறுப்பு; ஈரம் காயாத தோல்களை அதில் அவசரமாக அளந்து அனுப்பிவிட்டாள். வாங்கியவர்கள் ஊரில் அவை காய்ந்து சுருங்கி, அளவு குறைந்து நின்றன. சூப்பர்வைசர் அந்தோணிசாமி எல்லார் முன்னாலும் கேட்டார்: "மெஷின் பொய் சொல்லாதும்மா. நீ எந்த நிலைமையில குடுத்தேன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" அதற்குப் பிறகு ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடாமல் ஒரு தோலையும் அவள் அளந்ததில்லை.

தாளை மடித்தாள். மே மாதத்திலிருந்து தம்பியின் நெஞ்சுக்குள் பெருத்துக்கொண்டிருப்பதை அவள் ஜெபம் மூடி வைத்திருந்ததா?

வெள்ளிக்கிழமை காலை இட்லியும் காபியும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

"என்னக்கா இது? இன்னைக்கு உபவாசம்."

"இன்னைக்கு உனக்கு இல்ல. சாப்பிடு."

சுஜி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணி, நீங்கதானே..."

"நான்தான். நான்தான் தப்பு பண்ணிட்டேன்." சாராள் தாளை விரித்து மேசைமேல் வைத்தாள். "நீ காஞ்சு கெடக்கிற நாள்ல மட்டும்தான்டா கசிவு கொறையுது. மத்த நாள்ல கொறையல. படியில நிக்கிறது கொறையல."

ஜாய்சன் தாளைப் படித்தான். கண்ணாடியைக் கழற்றினான். "நான் சபையில ரெண்டு தடவை எழுந்து நின்னிருக்கேன், அக்கா."

"தெரியும். பக்கத்துலயே நின்னு அழுதவ நான்."

"இன்னைக்கு சிவியர்னு வந்தா, நெஞ்சைப் பொளந்துடுவாங்க."

"ம்."

"வராம இருக்கட்டும்னு உனக்கு இல்லையா?"

சாராள் காபியை ஆற்றினாள்.

"பிசிக்ஸ் படிச்சவன் நான். குழாயில தண்ணி கொறஞ்சா கசிவும் கொறையும்னு பசங்களுக்கு நான்தான் சொல்லித்தரணும்" என்றான் அவன். "மேல யோசிக்க மனசு வரல."

இட்லியைப் பிட்டான்.

ஆஸ்பத்திரியில் இதய ஸ்கேன் எடுக்கும் எக்கோ அறை வாசலில் ஆயா முனியம்மா கையை நீட்டி மறித்தாள். "இன்னாம்மா, கல்யாணத்துக்கா வந்துகினு கீறீங்க, குடும்பத்தோட? பேஷன்ட்டு மட்டும் உள்ள போட்டும்."

"அக்கா வெளியிலயே இருக்கட்டும். சாப்பிட்டுட்டு வந்தேனான்னு பாக்கத்தான் கூட வந்தாங்க" என்றான் ஜாய்சன்.

"அய்ய, நல்லா துன்னுட்டு வா சார், யாரு வேணாம்னாங்க? இந்த ஸ்கேனுக்கு வயிறு காயத் தேவையே இல்ல. ஒருத்தரும் சொல்லலியா?"

ஒருவரும் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. கதவு மூடியது. சிறிது நேரத்தில் அதன் இடுக்கு வழியாக வந்தது. ஷ்ஷப்... தொப். சாராள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஸ்ரீவத்சன் புதிய ரிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு சாராளின் தாளைப் பார்த்தார். பிறகு நோட்டையும் கேட்டு வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"தண்ணியே குடிக்காம வந்தீங்களா? அந்த மாத்திரையும் போட்டுக்கிட்டா?" அவர் குரல் உயரவில்லை. "இந்தக் கசிவு உடம்புல இருக்கிற நீரைப் பொறுத்தும் பிரஷரைப் பொறுத்தும் ஏறி இறங்கும். இன்னைக்கு வந்திருக்கிறதுதான் உங்க நிஜ அளவு. சிவியர். இதயம் கொஞ்சம் பெருக்க ஆரம்பிச்சிருக்கு. இன்னும் தள்ள வேண்டாம். இந்த நோட்டை எழுதினது யாரு?"

"எங்க அக்கா சார்" என்றான் ஜாய்சன். "பம்மல்ல தோல் அளந்தவங்க."

பஸ்ஸில் பக்கத்து ஆளிடம் அவள் சொல்லுகிற அதே குரல். சாராளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொஞ்சம் பெருக்க ஆரம்பிச்சிருக்கு. மே மாதத்தில் ஆரம்பித்திருந்ததா, செப்டம்பரிலா? டாக்டரிடம் கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது, பதினெட்டு நாள் தள்ளி.

அடுத்த வெள்ளிக்கிழமை சுஜி கீழே இறங்கி வந்தாள். "அண்ணி, உபவாசம் இருக்கீங்களா?"

"நான் இருக்கேன். அவன் வேளா வேளைக்குச் சாப்பிடணும்."

"சபையில கேட்டா என்ன சொல்றது?"

"நான் எழுந்து சொல்லிக்கிறேன். உள்ளது உள்ளபடி."

சாயங்காலம் பள்ளியிலிருந்து ஜாய்சன் வந்தான். கேட் திறந்தது. செருப்பு படியில் ஏறியது. சாராள் நோட்டை மடியில் விரித்துப் பேனாவைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

சத்தம் நின்றது. அவள் காத்திருந்தாள்.