சின்னம்மா தொடங்கிய குங்ஃபூ வகுப்பு

எங்கள் பள்ளியில் குங்ஃபூ வகுப்பு தொடங்கியே தீருவது என்று சின்னம்மா முடிவு செய்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். என் அம்மாவின் தங்கை அவர். கல்லூரி நாட்களில் அந்தச் சீனக் கலையைக் கற்று, பிறருக்குச் சொல்லித்தரும் தகுதியும் பெற்றிருந்தார். பாலக்கரையில் எங்கள் தெருவுக்கு அது வெறும் ‘சைனா சண்டை’.

தலைமை ஆசிரியை கண்டிப்பானவர். “சண்டையெல்லாம் எதுக்குங்க? டான்ஸ் சொல்லிக் குடுங்க, ஆண்டு விழாவுக்காவது ஆகும்” என்று கேட்க வந்த சின்னம்மாவைத் திருப்பி அனுப்பினார். சின்னம்மா அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். கேட்டில் அவரைக் கண்டாலே வாட்ச்மேன் சிரிப்பார். நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

“விட்டுடேம்மா” என்று மைத்துனியிடம் சொன்னார் என் அத்தா.

“வேணாம்னு சொல்லிச் சொல்லி அவங்களுக்கு வாய் வலிக்கட்டும் மச்சான். எனக்கு இன்னும் கால் வலிக்கல.”

ஒரு மழை நாளில் மைதானம் சேறாகிவிட, எங்களை வராந்தாவில் அடக்கிவைக்க முடியாமல் தலைமை ஆசிரியை திணறிக்கொண்டிருந்தார். அன்றும் குடையோடு வந்து நின்ற சின்னம்மாவிடம், “சரி, இந்தக் கூட்டத்தைக் கொஞ்ச நேரம் சத்தமில்லாம வெச்சிருங்க பாப்போம்” என்றார்.

சின்னம்மா கால்களை அகட்டி, குதிரைமேல் உட்கார்ந்தவர்போல முழங்காலை மடக்கி நின்றார். எங்களைத் தள்ளச் சொன்னார். வகுப்பே சேர்ந்து தள்ளியது. இப்படி என் மானத்தை வாங்குகிறாரே என்ற ஆத்திரத்தில் நானும் முழு மூச்சாகத் தள்ளினேன். அவர் அசையவில்லை. பிறகு எங்களையும் அப்படியே நிற்கவைத்தார். தொடை நடுங்கியது. ஆனால் பக்கத்தில் நிற்பவளுக்கு முன் விழக்கூடாதென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

“அடிதடி இல்லீங்களா இதுல?” என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

“அது அப்புறம் வரும் டீச்சர். முதல்ல நிக்கத் தெரியணும்.”

புதன்கிழமை மாலை வகுப்பு கிடைத்தது.

சில வாரங்கள் கழித்து, மறந்துபோன டிபன் பையை எடுக்கப் பள்ளி விட்டபின் திரும்பி ஓடினேன். காலி வகுப்பறையில் தலைமை ஆசிரியை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால் நடுங்க, அதே நிலையில் நின்றிருந்தார். எதிர்ச் சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு ஓடிவந்து சிரிப்பு தாளாமல் சொன்னேன். சின்னம்மா சிரிக்கவில்லை. “யாருட்டயும் சொல்லாத” என்றார்.

பள்ளியையே ஒரு பார்வையில் அடக்கிவிடுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கு வெளியேயும் அவருக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதே அந்த வயதில் எனக்குத் தெரியாது.