தையல் மோட்டாரில் விட்ட எண்ணெய்

போத்தனூரில் பம்ப் மோட்டார் பழுது பார்க்கும் ஃபிட்டர் நான். எரிந்த மோட்டாரோடு யார் வந்தாலும், "யாருங்க இதுல கை வெச்சது?" என்று அதட்டிவிட்டுத்தான் ஸ்குரூவையே தொடுவேன்.

பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா தையல்காரர். அவருடைய பழைய மிஷினின் மோட்டார் வேகம் குறைந்ததால் என்னைக் கூப்பிட்டார். மோட்டாரின் இரு பக்கமும் சின்ன மூடிகள் இருந்தன. நான் பார்க்கும் பம்ப் மோட்டார்களில் அப்படி மூடி இருக்காது. எண்ணெய் விடும் துளைகள் என்று நினைத்து, திறந்து தாராளமாக விட்டேன். ஸ்விட்சைப் போட்டதும் பொறி பறந்தது. மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. கல்யாண ஜாக்கெட்டுகள் பாதியில் கிடந்தன.

காந்திபுரத்துத் தையல் மிஷின் கடைக்கு நான்தான் தூக்கிப் போனேன். அக்காவும் வந்தார்.

"அட, ஃபிட்டருங்களா, வாங்க" என்ற கடைக்காரர் மூடியைத் திறந்தார். உள்ளே கார்பன் துண்டு எண்ணெயில் ஊறியிருந்தது.

"கரண்டு போற எடமுங்க இது. யாருங்க எண்ணெய் விட்டது?"

"நாந்தானுங்க. தெரியாம விட்டுப்போட்டேன்" என்றார் அக்கா.

"இத்தன வருசமா தைக்கறீங்க, இதுகூடத் தெரியாதுங்களா?" என்று கடைக்காரர் சத்தம் போட்டார். அக்கா தலையாட்டிக்கொண்டார். நான் சுவரில் தொங்கிய பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்ணெயைத் துடைத்து, கார்பனை மாற்றியதும் மோட்டார் ஓடியது. திரும்பும்போது பஸ்ஸில் அக்கா சொன்னார்: "ஃபிட்டருக்கே தெரியலைன்னு பேச்சு வந்தா, உங்க பொழப்பு என்னாகுங்க தம்பி?"

கடைக்காரரிடம் இன்றுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. என்னிடம் எரிந்த மோட்டார்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. யார் கை வைத்தது என்று மட்டும் கேட்பதில்லை.