214-ஆம் எண் கடிதம்

2024 ஆகஸ்ட் 7, புதன்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். வேதத்தில் ஒரு அதிகாரம், அரை மணி நேர நடை, இரண்டு தோசை, ஒரு டம்ளர் காபி. 7.40-க்குக் கோச்சடையில் டவுன் பஸ் ஏறினேன், உட்கார இடம் கிடைத்தது. 8.30-க்கு அலுவலகத்தைத் திறந்தேன். இதையெல்லாம் நினைவிலிருந்து எழுதவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒருநாள் விடாமல் டைரி எழுதுகிறேன், அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அந்த டைரியால்தான் அன்றைக்கு என் மானமும் போனது.

மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். எங்களிடம் ஒரே ஒரு கம்ப்யூட்டர். செலவில்லாமல் இருக்கட்டும் என்று அதில் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதில் வேலை பார்ப்பவர் ஒரு தற்காலிகத் தட்டச்சர், உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பெண். ஜனவரியில் சேர்ந்த அவருடைய ஒப்பந்தம் ஆகஸ்ட் கடைசியில் முடிகிறது. நீட்டிக்கலாமா என்று தலைமையாசிரியை என்னிடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருந்தார்.

அன்று 9.05-க்கு அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் போட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி, பாதியில் நின்றுவிட்டன. டிஸ்க்கில் எதிர்பாராத முரண்பாடு இருக்கிறது, ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் கடைசி வரி சொன்னது. இடைப்பருவத் தேர்வு மதிப்பெண் பட்டியல்கள் மொத்தமும் அதற்குள் இருந்தன.

யார் செய்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெண் காலையில் வந்ததும் டிபன் பாக்ஸை கம்ப்யூட்டர் பெட்டியின் தலையில்தான் வைப்பார். அந்தச் சூட்டில் இட்லி ஆறாமல் இருக்குமாம். ‘டிபன் பாக்ஸ், 9.10 முதல் 1.00 வரை’ என்று பல நாள் டைரியில் குறித்திருக்கிறேன். ஆகவே உடனே உட்கார்ந்து தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதினான்கு குறிப்புகள், தேதி, நேரத்தோடு. கம்ப்யூட்டர் ஓடியிருந்தால் அந்தக் கடிதத்தையும் அவரே தட்டச்சு செய்திருக்க வேண்டும். ஓடாததால் கையால் எழுதினேன். தலைமையாசிரியை அன்று முழுவதும் வெளியே ஒரு கூட்டத்தில் இருந்தார். மறுநாள் காலை கொடுக்கலாம் என்று உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். அனுப்புகைப் பதிவேட்டிலும் ஏற்றினேன். எண் 214. பொருள்: கணினிப் பழுதுக்குக் காரணமானவர் குறித்து.

அதன் பிறகுதான் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். வில்லாபுரத்தில் கடை வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியவர்.

“அண்ணே, நா அவனியாபுரத்துல ஒரு வேலைல கெடக்கேன். பன்னெண்டுக்கு வாரேன். அதுவரைக்கும் நா சொல்றத டைப் பண்ணுங்க. அது ஒவ்வொண்ணா கேள்வி கேக்கும். எல்லாத்துக்கும் ஒய் அமுக்கிக்கிட்டே இருங்க.”

“என்ன கேள்வின்னு தெரியாம எப்படிங்க ஆமான்னு சொல்றது?”

“தெரிஞ்சு என்னண்ணே செய்யப் போறீக? அமுக்குங்க.”

அப்படி அமுக்குகிற ஆள் நானில்லை. ஒரு நீள நோட்டை எடுத்து வரிசை எண், கேள்வி, நேரம், என் பதில் என்று நான்கு கட்டம் போட்டேன். கேள்விகள் வரத் தொடங்கின. இன்ன எண் கோப்புக்கு இரண்டு கணக்கு இருக்கிறது, ஒன்றுதான் இருக்க வேண்டும், சரிசெய்யவா? இன்ன எண் கோப்பு எந்தக் கோப்புறையிலும் இல்லை, சேர்க்கவா? ஒவ்வொன்றையும் எழுதி, இரண்டு முறை படித்து, யோசித்து ஒய் அமுக்கினேன்.

இதற்கிடையில் அந்தப் பெண் ஒரு தபாலைப் பதிய அனுப்புகைப் பதிவேட்டைத் திறந்தார். 215 போட வேண்டுமானால் 214-ஐப் பார்க்காமல் போட முடியாது. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே நின்றார்.

“சார், இது என்னையத்தானா?”

“விசாரணை முடிஞ்சாத்தான் தெரியும்மா” என்றேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இல்ல சார், செப்டம்பர்ல நா இல்லேன்னா இப்பவே சொல்லிருங்க. ஊர்ல வேற எடத்துல கேட்டு வச்சிருக்காக. ஆனா இந்த வேலதான் சார் எனக்குப் புடிச்சிருக்கு.”

41-ஆவது கேள்வியை எழுதிக்கொண்டிருந்தேன்.

63-ஆவது கேள்வியில் சிக்கிக்கொண்டேன். ஓர் எண்ணைச் சொல்லி, இதை அழித்துவிடவா என்று கேட்டது. பள்ளி ஆவணத்தை அழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. தலைமையாசிரியையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அவருக்கு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது. இருபத்தைந்து நிமிடம் அதன் முகத்தை நானும் என் முகத்தை அதுவும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

12.10-க்கு மெக்கானிக் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அண்ணே, இம்புட்டையும் எழுதுனீகளா?”

“ஒரு ஆவணமா இருக்கட்டும்னு.”

“நீங்க சாமி. இந்த மாதிரி ரெண்டாயிரம் கேள்வி கேக்கும் அது. பரீட்சை முடிய தீவாளி ஆயிரும்.” பிறகு தலையைச் சொறிந்தார். “ஆனா ஒண்ணு. மொதல்ல ஒரு நகல் எடுத்துட்டுத்தான் இதத் தொடணும். அவசரத்துல அதச் சொல்ல மறந்துட்டேன். நீங்க ஆமை வேகத்துல போனதும் நல்லதாத்தான் போச்சு.”

கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, தன்னுடைய பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை ஓடவைத்தார். டிஸ்க்கைச் சோதித்தார். வேறொரு டிஸ்க்கில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தார். அது முடிவதற்குள் மூன்று பேரும் சாப்பிட்டு முடித்தோம். பிறகு எல்லாக் கேள்விக்கும் ஒரேயடியாக ஆமாம் என்று ஒரு கட்டளை கொடுத்தார். நான்கே நிமிடம். எனக்கு இரண்டரை மணி நேரத்தில் 63.

“டிஸ்க்கு கல்லு மாதிரி இருக்குண்ணே. நோவு அதுக்கில்ல. வேற எங்கேயோ இருக்கு.”

இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தேன். டிபன் பாக்ஸ் விவகாரத்தைச் சொன்னேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். மெக்கானிக் பெட்டியின் மேலே கையை வைத்துப் பார்த்தார்.

“காத்து போற ஓட்டையெல்லாம் சைடுல இருக்கு. மேல இட்லி வச்சா இட்லிக்குத்தான் நல்லது. இது வேறண்ணே. மெஷின் முழிச்சிருக்கும்போதே யாரோ கரண்ட்டைப் புடுங்கிருக்காக. ஒரு தடவ ரெண்டு தடவ இல்ல.” விசைப்பலகையில் ஏதோ தட்டினார். ஒரு நீளமான பட்டியல் வந்தது. “இங்க பாருங்க. தெனமும் எத்தன மணிக்கு மெஷின் பேச்சு மூச்சில்லாமப் போச்சுன்னு இருக்கு. அந்த நேரத்துல ஆபீஸ்ல யாரு இருந்தாகன்னு தெரிஞ்சாப் போதும்.”

“எங்கிட்ட இருக்கு!” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். பையிலிருந்து டைரியை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். “நீங்க நேரத்தைச் சொல்லுங்க. நான் ஆளைச் சொல்றேன்.”

“நேத்து, செவ்வா. சாயங்காலம் அஞ்சு முப்பத்தஞ்சு.”

நான் கணீரென்று படித்தேன்: “செவ்வாய். 4.40, தட்டச்சர் பஸ்ஸுக்குப் புறப்பட்டார். 5.35, மெயின் அணைத்தேன். யூ.பி.எஸ். கத்தியது. பொத்தானை அமுக்கினேன். அமைதி.”

“திங்க, அஞ்சு முப்பத்தஞ்சு.”

“திங்கள். 5.35, மெயின் அணைத்தேன். யூ.பி.எஸ். கத்தியது. பொத்தானை…”

“வெள்ளி, அஞ்சு முப்பத்தாறு.”

“வெள்ளி. பூட்டுச் சாவி தேடியதில் ஒரு நிமிடம் தாமதம். 5.36, மெயின்…”

மெக்கானிக் என் டைரியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே, சும்மா சொல்லக் கூடாது, போலீசே இப்படி ஒரு எஃப்.ஐ.ஆர். எழுத முடியாது.”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் சிரிப்பு விரலிடுக்கில் வந்துவிட்டது.

என் பழக்கம் அது. 5.35-க்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அலுவலகத்தைப் பூட்டுவேன். திரை கறுப்பாக இருப்பதால் கம்ப்யூட்டரும் அணைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். பெட்டியில் சின்னதாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். டிவியிலும்தானே எரிகிறது என்று விட்டுவிடுவேன். மெயினை அணைத்ததும், கரண்ட் போனால் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் தாங்கும் யூ.பி.எஸ். பெட்டி கீ கீ என்று கத்தும். பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கினால் அதுவும் அணைந்து அடங்கிவிடும். உள்ளே ஓர் உயிர் போகிறது, காப்பாற்றுங்கள் என்று எட்டு மாதமாக அது கத்தியிருக்கிறது. நானோ அதைச் சேட்டைக்காரப் பிள்ளையை அதட்டுவதுபோல அதட்டியிருக்கிறேன்.

“திரை கறுத்துப்போனா அது தூங்குதுன்னு அர்த்தமில்லண்ணே” என்றார் மெக்கானிக். “உள்ள உக்காந்து எழுதிக்கிட்டுத்தான் இருக்கும். நீங்க டைரி எழுதிக்கிட்டு இருக்கும்போது ஒருத்தன் வந்து தெனமும் நோட்டைப் புடுங்குனா எழுத்து கோணிப் போகாதா? மறுநா காலைல அதுவா கோணலை நிமித்திக்கும். எட்டு மாசம் நிமித்திப் பாத்திருக்கு. இன்னைக்கு முடியல.”

என்னிடம் டைரி எழுதுகிற உதாரணத்தைச் சொன்னால் நான் எங்கே போய் ஒளிவது? இருந்தாலும் கடைசியாக ஒரு கேள்வி பாக்கி வைத்திருந்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, “நீங்க கிளம்பும்போதே அணைச்சிருக்கலாமேம்மா?” என்றேன்.

“கேட்டேனே சார். சேந்த அன்னைக்கே கேட்டேன்.”

டைரியைப் புரட்டினேன். ஜனவரியில் அவர் வேலைக்கு வந்த முதல் நாளின் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: ‘கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகவா என்று கேட்டார். திறப்பதும் அடைப்பதும் கண்காணிப்பாளர் பொறுப்பு, எதையும் தொட வேண்டாம் என்று அறிவுறுத்தினேன். சரி என்றார்.’

டைரியை மூடினேன்.

பட்டியல்கள் பெரும்பாலும் பத்திரமாக இருந்தன. பதினேழு கோப்புகள் மட்டும் பெயரை இழந்து, வெறும் எண்களாக ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் திறந்தார். எந்தத் தேதியில் எந்த வகுப்புப் பட்டியலை அவர் அடித்தார் என்று நான் டைரியைப் பார்த்துச் சொன்னேன். பெயர் வைத்தார். என் டைரி அன்றைக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வழக்கமாகப் போகும் பஸ்ஸை அவர் விட்டுவிட்டார். 5.30-க்கு அவரே கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தார். பெட்டியிலிருந்த சின்ன விளக்கும் அணைந்தது. “இப்ப மெயினை அமத்துங்க சார்” என்றார். அமத்தினேன். யூ.பி.எஸ். வழக்கம்போலக் கத்தியது. இந்த முறை அதன் பொத்தானை அமுக்கும்போது கொஞ்சம் மரியாதையாக அமுக்கினேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் 214 நினைவுக்கு வந்தது. கடிதத்தைக் கிழித்துவிடலாம். பதிவேட்டில் ஏறிய எண்ணை என்ன செய்வது? என் காலத்தில் அந்தப் பதிவேட்டில் ஓர் அடித்தல்கூடக் கிடையாது. சாப்பிடாமல் யோசித்தேன். என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எதுக்கு அடிக்கணும்? பொருள் சரியாத்தானே இருக்கு” என்று சொல்லிக்கொண்டே ரசத்தை ஊற்றினாள்.

மறுநாள் வியாழக்கிழமை, காலை 8.45. வருகைப் பதிவேட்டைக்கூடத் திறக்காமல் முதல் வேலையாகத் தலைமையாசிரியையின் மேசையில் 214-ஐ வைத்தேன். அதே எண், அதே தேதி, கணினிப் பழுதுக்குக் காரணமானவர் குறித்து என்ற அதே பொருள். உள்ளே பதினான்கு குறிப்புகளுக்குப் பதிலாக ஒரே ஒரு பெயர், என்னுடையது. கீழே, தட்டச்சரின் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் பரிந்துரைக்கிறேன், மாலையில் கணினியை அணைக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைக்கிறேன் என்று இரண்டு வரி.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “உங்க மேல நீங்களே புகார் குடுத்தா யாரு சார் விசாரிக்கிறது?”

“விசாரணை நேத்தே முடிஞ்சிருச்சும்மா” என்றேன்.

அந்தப் பெண் இன்றும் எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார். இட்லி இன்றும் அதே பெட்டியின் மேல்தான் சூடாக இருக்கிறது. நானும் டைரி எழுதாமல் இல்லை. ஆனால் யார் மேலாவது குறை எழுதப் பேனாவைத் திறக்கும்போதெல்லாம், அதே பக்கத்தில் என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று முதலில் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்கிறேன்.