SMH என்றால் சோ மச் ஹேப்பியாம்

தோட்டத்து லய வீட்டை விட்டு நாங்கள் குடிபோன புது வீட்டின் படத்தைப் போன வாரம் எங்கள் துணிக்கடை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

கூட வேலை செய்யும் சிவா அண்ணன் "SMH" என்று எழுதினார். அர்த்தம் கேட்டேன்.

"சோ மச் ஹேப்பிம்மா!"

நன்றி சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இன்று டிக்கோயா பஸ்ஸில் தங்கச்சியிடம் காட்டினேன். "அக்கா, அது நக்கலு. ஷேக்கிங் மை ஹெட். 'இதெல்லாம் ஒரு வீடா'ன்னு தலைய ஆட்டுறது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மதியம் சிவா அண்ணன் தன் நிச்சயதார்த்தப் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார். நானும் கீழே "SMH" என்று எழுதினேன்.

உடனே போன் வந்தது. "மாமனாரு என்னான்னு கேக்குறாரும்மா, அத அழிச்சிரு!"

"சோ மச் ஹேப்பின்னு சொல்லுங்கண்ணே."

வேறு வழியில்லாமல் அப்படியே சொல்லியிருப்பார் போல. இப்போது மாமனார் என் கமென்டுக்கு ஹார்ட் போட்டிருக்கிறார்.

பெரிய மனுஷன் சந்தோஷப்பட்டதை அழிக்கலாமா? நீங்களே சொல்லுங்க.