தெரியும் டீச்சர்!

பிள்ளைகளுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுப்பது வாத்தியார் வேலையில் சுலபமான பாதி. தெரிந்த கதையைச் சொல்லி அவர்களை உட்காரவைப்பதில்தான் உயிர் போகும். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து, கடமலைக்குண்டிலிருந்து பஸ் பிடித்துத் தேனியில் பி.எட். படிக்கப் போன எனக்கு இது சீக்கிரமே விளங்கிவிட்டது. கூட்டத்தைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற சகபாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கதை வகுப்பில் ஒருவர் டீச்சர், மற்றவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். எல்லோருக்கும் தெரிந்த கதையைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அடுத்து என்ன வரும் என்று யாராவது "தெரியும் டீச்சர்!" எனக் கத்திச் சரியாகச் சொல்லிவிட்டால், கதை அவுட்; வகுப்பெடுக்கும் மேடம் பேனாவைத் திறந்து குறித்துக்கொள்வார். மூன்று முறை அவுட்டானால் பள்ளிக்கூடப் பயிற்சிக்கு அனுப்பமாட்டார்கள், ஒரு வருடம் போச்சு. நான் இரண்டு முறை அவுட்.

மயிலின் பங்கு

போடி மளிகைக்கடைக் குடும்பத்துப் பெண் ஜெபா, மாம்பழத்துக்காக உலகம் சுற்றிய கதையை எடுத்தாள். அம்மா அப்பாவைச் சுற்றினால் போதும் என்று கத்த நாங்கள் தயாராக இருந்தோம். அவளோ மயிலைப் பேசவிட்டாள். உலகம் பூராவும் சுமந்து, இறக்கை வீங்கி வந்து இறங்கிய மயில், பழம் கிடைக்காத கோபத்தில் தம்பி மலையேறக் கிளம்பியதும், "மறுபடியும் நானா?" என்று அழுததாம்.

சிரித்த சிரிப்பில் என் பயமே மறந்துபோனது. செல்வராணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அம்மா விடியுமுன் ஜீப் ஏறி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர். "சொமந்த மயிலுக்குக் கொட்டகூடக் கெடைக்கலைல? எங்கம்மாகிட்ட இதச் சொல்லணும்" என்றாள்.

வற்றிய கிணறு

ராயப்பன்பட்டி ஆரோக்கியம் விவசாய வீட்டுப் பையன். சிங்கத்தை முயல் கிணற்றுக்குக் கூட்டிப்போனதும், "நிழலைப் பாத்துக் குதிச்சிரும்!" என்று பின்வரிசை கத்தியது. "எங்கிட்டுக் குதிக்க? கெணத்துல தண்ணியே இல்ல" என்றான். எதிரி எங்கே என்று சிங்கம் உறும, முயல் பணிவாக, "போர் போடச் சொல்லியிருக்கேன் மகாராசா. தண்ணி வந்ததும் அவரும் வந்துருவாரு" என்றதாம். சிங்கம் இன்னும் காத்திருக்கிறது.

எனக்குப் பொறாமைதான். ஆனாலும் எழுந்து போய், கதை பிரமாதம் என்றேன். "கதையாக்கா இது? எங்கய்யா ரெண்டு வருசமா கெணத்து மேட்டுல அப்பிடித்தேன் உக்காந்திருக்காக" என்றான்.

என் காக்கை

என் முறை வந்தது. மனப்பாடம் செய்திருந்த கதை, எழுந்து நின்றதும் மறைந்துவிட்டது. வாயில் வந்ததோ, முதல் முறை அவுட்டான அதே வடைக் கதை. காக்கா வடையோடு மரத்தில் உட்கார்ந்தது, நரி பாடச் சொன்னது என்பதுவரை வந்துவிட்டேன்.

"தெரியும் டீச்சர்! வடை விழுந்துரும்!" என்றாள் ஜெபா. விழவில்லை என்றேன். "தெரியும்! கால்ல இடுக்கிக்கிட்டுப் பாடும்!" என்றாள் செல்வராணி. பாடவில்லை என்றேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. மேடம் பேனாவைத் திறந்தார். உள்ளதைச் சொல்லிவிட்டேன்: "அந்தக் காக்காவுக்கு யார் முன்னாலயும் வாயத் தெறக்கப் பயம். நரி கெஞ்சுச்சு, புகழ்ந்துச்சு. இது தெறக்கவே இல்ல. அதனால வடையும் விழல."

ஒருவரும் கத்தவில்லை. மேடம் பேனாவை மூடிவைத்தார். ஆறாம் வகுப்புப் பையனாகவே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஆரோக்கியம் கேட்டான்: "அப்பறம் என்னாச்சு டீச்சர்?"

பேசத் தெரிந்து வாத்தியார் ஆனவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. வாயைத் திறக்காத காக்கையின் தயவில் ஆனவள், அப்பாடா, நான் ஒருத்திதான்.