கம்பளிக்குள் பிடித்த பாம்பு

இலங்கையில், மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நல்ல மழை. சாப்பிட்டுவிட்டு, இடது கையைத் தலைக்கு வைத்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.

புரண்டபோது விழிப்பு வந்தது. கம்பளிக்குள் கழுத்தோரமாகக் கனமாக ஏதோ கிடந்தது. அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் மலையில் ஒரு பாம்பை அடித்திருந்தார்கள். பயத்தில், வலது கையால் அதைக் கம்பளியோடு சேர்த்து அமுக்கிக்கொண்டேன்.

"ஏங்க, பாம்பப் புடிச்சிட்டேன், ஓடியாங்க" என்று கத்தினேன்.

என் கணவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அந்தக் கத்தியோடுதான் வந்தார். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள்தான் எங்கள் லயம்; ஒரு வீட்டுச் சத்தம் எல்லா வீட்டுக்கும் கேட்கும். பத்துப் பேர் வாசலில் கூடிவிட்டார்கள்.

"விட்டுறாத புள்ள. ஒரே வெட்டுதான்" என்று கத்தியை ஓங்கினார். தலை எந்தப் பக்கம் என்று பார்க்கக் கம்பளி நுனியைத் தூக்கியவர் கத்தியைக் கீழே இறக்கினார்.

"ஏ புள்ள, பாம்புக்கு வளையல் போட்டது யாரு?"

மரத்துப்போன என் இடது கைதான் அது. வாசலில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள், எறும்பு ஊர்வதுபோல அதில் உணர்வு திரும்பியது.

"தல பாரத்துல நரம்பு அமுங்கியிருக்கும்மா. அடிக்கடி வந்தாலோ, மரமரப்பு போகாட்டியோ பதுளை ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார், மறுநாள் என் கையைப் பார்த்த தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா.

இப்போதெல்லாம் கையை நீட்டிவைத்துத்தான் தூங்குகிறேன். பாம்பு என்று கத்துவதற்கு முன், என் கை இரண்டும் எங்கே என்று தேடிக்கொள்கிறேன்.