ராத்தாவின் காரும் என் இரண்டாவது ஸ்கேனரும்

இதை எழுதும் அளவுக்கு எனக்கு எதுவும் தெரியும் என்று நான் நினைக்கவில்லை. புசல்லாவையில் ஓ/எல், அதாவது பதினோராம் வகுப்பு வரைதான் படித்தேன். அதன் பிறகு கையில் பேனா பிடித்ததைவிட ஸ்பேனர் பிடித்ததுதான் அதிகம். நாலு பேர் கூடி நிற்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. காருக்கு அடியில் படுத்திருக்கும்போதுதான் நிம்மதியாக இருக்கும். ஆனால் வீட்டிலேயே தங்கள் காரைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக நாம் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில், வாரத்துக்கு ஒருவராவது "எந்த ஸ்கேனர் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். குழுவினர் ஒரு சின்னப் புத்தகம் போடப்போகிறோம், நீங்கள் ஸ்கேனர் பற்றி எழுதுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. அலுமாரிக்குள் இருந்த பெட்டி

கண்டியில் ஒரு கராஜில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தேன். அங்கே, காரில் குத்தினால் கோளாறைத் திரையில் காட்டும் பெரிய ஸ்கேனர் ஒன்று இருந்தது. முதலாளியின் அறையில், அலுமாரிக்குள், பூட்டித்தான் இருக்கும். தலைமை மெக்கானிக் மட்டும் எடுப்பார். அவர் திரையைப் பார்த்துச் சொல்லும் சாமானை நாங்கள் கழற்றி மாட்டுவோம். திரையில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான்தான் கேட்கவில்லை.

எங்களுக்கு அங்கே பழகிய வேலைமுறை வேறு. எந்த வாகனம் உள்ளே வந்தாலும் முதல் காரியம், பெட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுவது. இதில் இன்னொரு வசதியும் இருந்தது. கழற்றி மாட்டினால் டேஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை லைட் பல வாகனங்களில் அணைந்துவிடும். வாடிக்கையாளர் வந்து கேட்கும் முதல் கேள்வி "லைட் போச்சா?" என்பதுதான். போய்விட்டது என்றால் அவருக்குச் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம்.

மூன்று வருடத்துக்கு முன் கராஜை விட்டு, அம்பிட்டியவில் வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்டு நானே வேலை பார்க்கத் தொடங்கினேன். ஸ்கேனர் வேண்டும் என்று கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு விதம் இருந்தது. கவுண்டரில் இருந்தவர் என்ன வேண்டும் என்று கேட்டதும் வாய்க்கு வந்தது, "சின்னதா ஒண்ணு." ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டியில் எல்லாக் கார்களுக்கும் என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதியிருந்தது. ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

2. கோளாறு எதுவும் இல்லை

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு மேலே நஸீர் நானா இருக்கிறார். கண்டியில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவருடைய மனைவி ஹிதாயா ராத்தா. முஸ்லிம் வீடுகளில் அண்ணன் நானா, அக்கா ராத்தா. அவர்களிடம் இருப்பது பத்து வருடத்துக்கு மேல் ஓடிய, பெட்ரோலிலும் பெட்டரியிலும் ஓடும் ஜப்பான் ஹைபிரிட் கார். பதிவு நானாவின் பெயரில் இருந்தாலும் அது ராத்தாவின் கார்தான். நாற்பத்தொன்பது வயதில் பயிற்சிக்குப் போய் லைசன்ஸ் எடுத்தவர். மாவனல்லையில் அவருடைய உம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் தானே ஓட்டிக்கொண்டு போய், உம்மாவைக் குளிப்பாட்டி, பக்கத்தில் இருந்துவிட்டு மாலையில் வருவார். வரும்போது தங்கைகள் தைத்து வைத்திருக்கும் உடுப்பு மூட்டைகளைக் கடைக்காகப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு வருவார்.

ஒரு சனிக்கிழமை மாவனல்லையிலிருந்து திரும்பும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் சிவப்பு முக்கோண லைட் எரிந்தது. காரின் இழுவையும் குறைந்துவிட்டது. மறுநாள் என்னிடம் கொண்டு வந்தார். என் சின்ன ஸ்கேனரைக் குத்தினேன். கோளாறு எதுவும் இல்லை என்று காட்டியது. பெட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டினேன். லைட் போய்விட்டது.

"ஒண்ணுமில்லைங்க ராத்தா. மெஷினே சொல்லுது."

அடுத்த சனிக்கிழமை அதே ஏற்றத்தில் அதே லைட். மறுபடி குத்தினேன். மறுபடி கோளாறு இல்லை. மறுபடி கழற்றி மாட்டினேன். மூன்றாவது முறை ராத்தா காரை நிறுத்திவிட்டு இறங்காமலே சொன்னார்.

"தம்பி, ஒங்கட மெஷின் கீழ அம்பிட்டியவுல ஈக்கிற வரைக்கும் ஒண்டுமில்லண்டு சொல்லும். அத ஒருக்கா கடுகண்ணாவைக்கு அனுப்பிப் பாருங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதற்குள் நானா வேறு இடத்தில் காட்டியிருந்தார். அங்கே ஹைபிரிட் பெட்டரி முடிந்துவிட்டது, புதிது போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நானா காரையே விற்றுவிட முடிவு செய்தார். பெட்டரி சரியில்லை என்பதைச் சொல்லியே விலை பேசி, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி கம்பளையில் ஒருவரிடம் சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமைக்கு வேன் புடிச்சுத் தாரன். ஏன் கஷ்டப்படுற?" என்றார் ராத்தாவிடம், என் முன்னாலேயே.

"வேன்ல போனா வேன்காரன்ட நேரத்துக்கு வரணும். உம்மா தூங்கினா எழும்புற வரைக்கும் என்னால ஈக்க ஏலா," என்றார் ராத்தா. என்னைப் பார்த்தார்.

அன்று புதன்கிழமை. இன்னும் நாலு நாள்தான் இருந்தது.

அன்றிரவு என் சின்ன ஸ்கேனரின் கையேட்டை முதல் தடவையாக முழுதாக வாசித்தேன். அது இஞ்சின் கம்ப்யூட்டரோடு மட்டும்தான் பேசும். ஹைபிரிட் பெட்டரிக்குத் தனிக் கம்ப்யூட்டர். அதை என் மெஷின் ஒருநாளும் விசாரித்ததே இல்லை. கேட்காத இடத்தைப் பற்றித்தான் நான் இரண்டு முறை ஒண்ணுமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

3. கடை வாசலில்

வியாழக்கிழமை நல்ல ஸ்கேனர் வாங்கப் புறப்பட்டேன். ராத்தா தானும் காரோடு வருவதாகச் சொன்னார். முக்கோண லைட் எரிந்தபடியே கடைக்குப் போனோம். கவுண்டரில் அதே ஆள். டெப்லெட் மாதிரி ஒன்றை எடுத்து வைத்தார். நான் பர்ஸைத் தடவினேன். ராத்தா என் கையைப் பார்த்துவிட்டார்.

"நில்லுங்க தம்பி. மகன், இது ஹைபிரிட் பெட்டரியும் பாக்குமா?"

"எல்லாக் காரும் பாக்குங்க மேடம்."

"போன தடவையும் அதத்தான் சொல்லி ஈக்கிறீங்க. என்ட கார் வெளிய நிக்குது. குத்திக் காட்டுங்க."

"மேடம், பெட்டி உடைச்சா..."

"ஒடைக்க வாணாம். கடையில காட்டுறதுக்கு ஒண்டு வெச்சிருப்பீங்க தானே? சாரி வாங்க வாற பொம்புளைக்கே நாங்க பத்துச் சாரி விரிச்சுக் காட்டுறம்."

அவர் சிரித்துக்கொண்டே சாம்பிள் மெஷினை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஸ்டீயரிங்குக்குக் கீழே குத்தி, ஜப்பான் மொடல் என்று தெரிவு செய்தார். ஹைபிரிட் பகுதி திறந்தது. பெட்டரியின் சூடு மூன்று இடங்களில் எவ்வளவு, ஒவ்வொரு பகுதியின் வோல்ட் எவ்வளவு, அதைக் குளிர்விக்கும் ஃபேன் எந்த வேகத்தில் சுற்றுகிறது, எல்லாம் வந்தது. மேலே சிவப்பு எழுத்தில், கோளாறைச் சொல்லும் இரண்டு வரியும் இருந்தது. பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது. நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிவப்பு வரிகளை வீட்டில் ஆறுதலாகப் படிக்கலாம் என்று நினைத்து, "சரிங்க, எடுக்கிறேன்" என்றேன்.

4. என் கை செய்தது

வெள்ளிக்கிழமை காலையில் ராத்தா காரை விட்டுவிட்டுப் போனார். புது ஸ்கேனரைத் துணி விரித்து வைத்தேன். சாதாரண பெட்டரி இருக்கும் டிக்கியைத் திறந்தேன். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். துடைத்தேன். கிரீஸ் தடவினேன். மாட்டினேன். பிறகுதான் ஸ்கேனரைக் குத்தினேன்.

திரை சுத்தமாக இருந்தது. சிவப்பு வரிகள் இல்லை. முக்கோண லைட்டும் இல்லை.

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. இருபது வருடம் பழகிய கை, நான் யோசிப்பதற்குள் வேலையை முடித்துவிட்டது. மூன்று சனிக்கிழமையாகத் தேடிய தடயத்தை நானே துடைத்துவிட்டேன்.

ராத்தா வந்ததும் சொன்னேன். மறைத்திருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் மூன்றாவது தடவையாக ஒண்ணுமில்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அவர் ஸ்கேனரின் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"லைட்ட அணைக்கிறதுல நீங்க வலு கெட்டிக்காரன் தம்பி. சரி, அது எங்க எரியுமெண்டு எனக்குத் தெரியும். நாளைக்கு மாவனல்லைக்கு வாங்க. ரெண்டு பேரும் போய் அத எரிய வைப்பம்."

5. ஏற்றத்தில்

சனிக்கிழமை ராத்தா ஓட்டினார். நான் முன் சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். போகும்போது எல்லாம் சரி. மாவனல்லையில் உம்மாவைப் பார்த்தேன். "கார் திருத்துற பாஸா நீங்க? மகள்ட கார நிப்பாட்டிராதீங்க" என்றார். மாலையில் தங்கைகள் மூன்று மூட்டைகளைப் பின் சீட்டில் அடுக்கினார்கள். கிளம்பும்போது பெட்டரி சூடு முப்பத்துநாலு டிகிரி.

ஏற்றம் தொடங்கியதும் நாற்பத்தொன்று. கொஞ்சம் மேலே நாற்பத்தாறு. பெட்டரிப் பகுதிகளின் வோல்ட்டைப் பார்த்தேன். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. முடிந்துபோன பெட்டரி அப்படிக் காட்டாது. ஃபேனைப் பார்த்தேன். ஆறில் சுற்றச் சொல்லி உத்தரவு, அதுதான் முழு வேகம். சூடோ ஐம்பத்திரண்டு. முழு வேகத்தில் காற்று இழுத்தால் சூடு இப்படி ஏறக்கூடாது. காற்று எங்கே போகிறது?

பின்னால் திரும்பிப் பார்த்தேன். இந்தக் காரில் பெட்டரிக்குக் காற்றுப் போகும் சல்லடை பின் சீட்டின் ஓரத்தில் இருக்கும். அதன் மேல் மூட்டை ஒன்று அப்பிக்கொண்டு இருந்தது.

"ராத்தா, நிப்பாட்டுங்க."

நான் சத்தமாகச் சொன்னதில் எனக்கே ஆச்சரியம். ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினார். காரை அணைக்க வேண்டாம் என்றேன். மூட்டைகளை டிக்கிக்கு மாற்றினோம். ஐம்பத்திரண்டு, ஐம்பது, நாற்பத்தெட்டு. நாங்கள் தேநீர் குடித்து முடிக்கும்போது நாற்பத்தைந்து. அதற்கு மேல் இறங்க மறுத்தது. உள்ளேயும் அடைப்பு இருக்கிறது என்று தெரிந்தது. மீதி ஏற்றத்தை மெதுவாக ஏறினோம். லைட் எரியவில்லை.

வீட்டுக்கு வந்து, காரை அணைத்து, கையுறை போட்டு, ஹைபிரிட் பெட்டரியின் பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றிவைத்துவிட்டு, பின் சீட்டையும் ஓர மூடியையும் கழற்றி ஃபேனை வெளியே எடுத்தேன். அதன் இறக்கைகளுக்கு நடுவே நூலும் பஞ்சும் கம்பளி மாதிரி படிந்து இருந்தது. கடையை மூடிவிட்டு வந்த நானா குனிந்து பார்த்தார். படிந்திருந்த பஞ்சை விரலால் அடுக்கு அடுக்காகப் பிரித்தார்.

"இந்த வெள்ள, ஸ்கூல் யூனிஃபோம். இந்தப் பச்ச, நோம்புப் பெருநாள் சரக்கு. இந்த ஊதா..." என்று நிறுத்தினார். "இந்த ஊதா வித்து முடிஞ்சு ரெண்டு வருசம்."

"அப்ப பெட்டரி முடியல்ல. ஒங்கட கடைதான் உள்ளுக்கு ஈக்குது," என்றார் ராத்தா.

பிரஷ்ஷால் சுத்தம் செய்து மாட்டினேன். காரை ஓட விட்டு ஸ்கேனரிலிருந்து ஃபேனைச் சுற்ற வைத்தேன். சல்லடைக்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தேன். இழுத்து ஒட்டிக்கொண்டது.

இதில் நான் படித்துக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனர் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். உங்கள் காரைக் கடை வாசலுக்கே கொண்டு போய்க் குத்திப் பாருங்கள். இஞ்சின் மட்டும் பார்க்கும் மெஷினா, ஹைபிரிட், பிரேக், ஏர்பேக் எல்லாம் பார்க்குமா என்று கேளுங்கள். நம் நாட்டில் ஓடும் கார்களில் பல ஜப்பானில் ஜப்பான்காரருக்காகச் செய்தவை. பழையவற்றில் ஸ்கேனரின் பிளக் பொருந்தினாலும் சாதாரண மெஷின் பேசாது. கோளாறு எண்ணை மட்டும் காட்டுவது போதாது, ஓடும்போது அளவுகளையும் காட்ட வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால், கூச்சமில்லாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் செய்தேன். இன்றைக்கும் அப்படித்தான்.

ஹைபிரிட் காரில் ஆரஞ்சு நிறக் கேபிளை, முறையாகப் பழகாமல், தொடவே தொடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டரி டெர்மினலில் கை வைக்கும் முன், லைட்டை அணைக்கும் முன், திரையில் இருப்பதை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். என் தகரக் கூரைக்குக் கீழே இப்போது ஸ்கேனருக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனாவும் கயிற்றில் கட்டித் தொங்குகின்றன. டெர்மினல் கழற்றும் பத்து மி.மீ. ஸ்பேனர் அதற்கு அந்தப் பக்கம், எட்டிப்போய் எடுக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

ஃபேனைச் சுத்தம் செய்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பளையிலிருந்து ஒருவர் கார் பார்க்க வந்தார். நானா அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். கார் வீட்டில் இல்லை. ராத்தா அதில் சந்தைக்குப் போயிருந்தார்.